பழைய வாகனங்களில் என்ஜின் மாற்றமும் கியர் பொருத்தமும்

பழைய வாகனம் ஒன்றின் மூல என்ஜினை எடுத்துவிட்டு வேறு வகை என்ஜினை வைக்கும்போது, புதிய என்ஜினின் சுற்று வேகத்துக்கும் முறுக்கு விசைக்கும் ஏற்றவாறு கியர் பாக்ஸ், கிரவுன்–பினியன், சக்கர அளவு ஆகியவற்றைத் தேர்ந்தெடுப்பது கியர் பொருத்தம் எனப்படும். பெட்ரோல் ஜீப்பில் டீசல் என்ஜின் வைப்பது, பழைய காரில் பிற்கால மாடலின் என்ஜின் வைப்பது ஆகியவை இதற்குப் பழக்கமான எடுத்துக்காட்டுகள். என்ஜின் சட்டத்தில் உட்கார்ந்து, சாவி திருப்பியதும் ஓடத் தொடங்கிவிட்டால் வேலை முடிந்தது என்று பலர் கருதுகின்றனர். உண்மையில் அது பாதி வேலைதான். அந்த வாகனம் மேட்டில் ஏறுமா, இறக்கத்தில் கட்டுக்குள் நிற்குமா என்பதைக் கியர் விகிதமே தீர்மானிக்கிறது.

திருவண்ணாமலை மாவட்டத்தின் சாலைகள் இந்தப் பாடத்தை விளக்க மிகவும் ஏற்றவை. இங்கு மூன்று வகை ஓட்டம் அருகருகே உள்ளது. வேலூர், திண்டிவனம் செல்லும் சமவெளிச் சாலைகளில் நிதானமான வேகம் வேண்டும். அருணாசல மலையைச் சுற்றியுள்ள 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையிலும் அதை ஒட்டிய தெருக்களிலும், பௌர்ணமி நாட்களில் மனிதர் நடக்கும் வேகத்தில் வண்டி ஊர்ந்து செல்ல வேண்டியிருக்கும். போளூரிலிருந்து ஜமுனாமரத்தூர் செல்லும் ஜவ்வாது மலைச்சாலையில் ஏற்றமும் இறக்கமும் கொண்டை ஊசி வளைவும் உண்டு. இந்த மூன்றுக்கும் ஒரே வாகனம் ஈடுகொடுக்க வேண்டுமானால் அதன் கியர் விகிதங்கள் கணக்குப் பார்த்து அமைக்கப்பட்டிருக்க வேண்டும்.

பின்னணி

இந்தியாவில் மகிந்திரா நிறுவனம் 1940களின் இறுதியில் வில்லிஸ் ஜீப்புகளை இணைத்து விற்கத் தொடங்கியது. பின்னர் வந்த சி.ஜே.–3பி வகை ஜீப்பில் ‘ஹரிக்கேன்’ எனப்பட்ட, ஏறத்தாழ 2,200 சி.சி. கொள்ளளவுள்ள நான்கு சிலிண்டர் பெட்ரோல் என்ஜினும், டி–90 என்ற மூன்று கியர் பெட்டியும் இருந்தன. ஜீப் உறுதியானது, ஆனால் பெட்ரோலைத் தாராளமாகக் குடித்தது. டீசல் விலை நீண்ட காலம் பெட்ரோலைவிடக் குறைவாக இருந்ததால், உரிமையாளர்கள் டீசல் என்ஜினை நாடினர். சென்னையின் சிம்ப்சன் நிறுவனம் 1950களிலிருந்து பெர்கின்ஸ் வகை டீசல் என்ஜின்களைத் தயாரித்து வந்ததால், தமிழ்நாட்டில் டீசல் என்ஜினும் அதற்கான உதிரிபாகமும் அதைப் பழுது பார்க்கத் தெரிந்த கைகளும் கிடைத்தன.

தயாரிப்பு நிறுவனங்களும் இதே மாற்றத்தைச் செய்தன. மகிந்திரா நிறுவனம் 1980களில் 2,112 சி.சி. கொள்ளளவுள்ள பெஜோ டீசல் என்ஜினை ஜீப்பில் வைத்தது. இந்துஸ்தான் மோட்டார்ஸ் நிறுவனத்தின் கான்டெஸா கார், 1980களில் அம்பாசடரின் 1,489 சி.சி. பெட்ரோல் என்ஜினோடும் நான்கு கியரோடும் வந்தது. பெரிய உடலுக்கு அந்தச் சிறிய என்ஜின் போதவில்லை. பிறகு அதில் ஜப்பானின் இசுசு வடிவமைத்த 1,817 சி.சி. என்ஜின் வைக்கப்பட்டது. அப்போது நிறுவனம் பழைய கியர் பாக்ஸை விட்டுவைக்கவில்லை. ஐந்து கியர் பெட்டியையும் சேர்த்தே மாற்றியது. 1990களில் அம்பாசடருக்கு இசுசு என்ஜின் வந்தபோதும் ஐந்து கியர் பெட்டி உடன் வந்தது. என்ஜினும் கியர் பாக்ஸும் ஒரு சோடி என்பதை இந்த இரண்டு கார்களும் காட்டுகின்றன.

பட்டறையில் நடக்கும் மாற்றங்களில்தான் இந்தச் சோடி பிரிகிறது. கிடைத்த என்ஜின் ஒரு வண்டியிலிருந்தும், இருக்கும் கியர் பாக்ஸ் வேறொரு வண்டியிலிருந்தும், கிரவுன் மூன்றாவது வண்டியிலிருந்தும் வருவதுண்டு.

அடிப்படைக் கருத்து

கியர் என்பது ஒரு கொடுக்கல் வாங்கல். வேகத்தைக் கொடுத்தால் இழுவிசை கிடைக்கும். இழுவிசையைக் கொடுத்தால் வேகம் கிடைக்கும். இரண்டையும் ஒருசேர எந்தப் பற்சக்கரமும் தராது. பல கப்பிகள் சேர்ந்த தூக்கியில் கூடுதல் நீளம் கயிறு இழுத்தால் பாரம் குறைவாகத் தெரிவது போன்றதே இது.

என்ஜினின் சுற்று இரண்டு இடங்களில் குறைக்கப்படுகிறது. முதலாவது கியர் பாக்ஸ். இங்கு ஓட்டுநர் விகிதத்தை மாற்றிக்கொள்ளலாம். இரண்டாவது அச்சில் உள்ள கிரவுன்–பினியன். இது மாறாத விகிதம். கிரவுனில் 43 பற்களும் பினியனில் 8 பற்களும் இருந்தால் விகிதம் 43 ÷ 8 = 5.38. அதாவது, புரொப்பலர் தண்டு 5.38 முறை சுற்றினால் சக்கரம் ஒரு முறை சுற்றும். பழைய ஜீப்புகளில் பரவலாக இருந்த விகிதம் இதுவே. எண் கூடினால் ‘இழுவைக் கிரவுன்’. எண் குறைந்தால் ‘வேகக் கிரவுன்’ என்று நினைவில் வைத்துக்கொள்ளலாம்.

வேகத்தைக் கணக்கிடும் சூத்திரம் எளிது:

வேகம் (கி.மீ./மணி) = என்ஜின் சுற்று × சக்கரச் சுற்றளவு (மீட்டர்) × 0.06 ÷ (கியர் விகிதம் × கிரவுன் விகிதம்)

இங்கு என்ஜின் சுற்று என்பது ஒரு நிமிடத்துக்கான எண்ணிக்கை. 0.06 என்பது நிமிடத்துக்கு மீட்டர் என்ற கணக்கை மணிக்குக் கிலோமீட்டராக மாற்றும் எண்.

ஒரு கணக்கு

டி–90 கியர் பெட்டியின் விகிதங்கள்: முதல் கியர் 2.798, இரண்டாவது 1.551, மூன்றாவது 1. கிரவுன் 5.38. 6.00–16 அளவுள்ள சக்கரத்தின் விட்டம் ஏறத்தாழ 0.72 மீட்டர், சுற்றளவு 2.26 மீட்டர்.

மூல பெட்ரோல் என்ஜின் 4,000 சுற்று வரை ஓடக்கூடியது. மூன்றாவது கியரில் அதன் வேகம்: 4,000 × 2.26 × 0.06 ÷ 5.38 = 101 கி.மீ. இது தாளில் வரும் வேகம். காற்றும் பாரமும் இதைச் சற்றுக் குறைக்கும்.

இப்போது அதே ஜீப்பில், 2,000 சுற்றோடு கவர்னர் கட்டுப்படுத்தும் டிராக்டர் வகை டீசல் என்ஜின் வைக்கப்படுகிறது என்று கொள்வோம். வேறு எதையும் மாற்றவில்லை. கணக்கு: 2,000 × 2.26 × 0.06 ÷ 5.38 = 50 கி.மீ. என்ஜின் புதிது, வண்டியோ 50 கிலோமீட்டருக்கு மேல் நகராது. ஓட்டுநர் மிதியை அழுத்திக்கொண்டே இருப்பார். என்ஜின் எப்போதும் உச்சச் சுற்றில் இரையும். எரிபொருள் மிச்சம் என்ற நோக்கம் கரையும். பெஜோ டீசல் என்ஜினில் இந்தச் சிக்கல் பெரிதாக இல்லை. அது 4,500 சுற்று வரை ஓடும் வகை என்பதால் பெட்ரோல் என்ஜினின் இடத்தில் இயல்பாகப் பொருந்தியது. ‘டீசல்’ என்ற ஒரே சொல்லுக்குள் இவ்வளவு வேறுபாடு உள்ளது. ஆகவே என்ஜின் வாங்கும்போது முதலில் கேட்க வேண்டியது குதிரைத்திறனை அன்று; அது எத்தனை சுற்றில் கிடைக்கிறது என்பதையே.

தவறான தீர்வும் சரியான தீர்வும்

மெதுவாகச் சுற்றும் என்ஜினுக்கு உடனே தோன்றும் தீர்வு, வேகக் கிரவுனுக்கு மாறுவது. ஜீப் வகை அச்சுகளுக்கு 4.88 (39 ÷ 8), 4.27 (47 ÷ 11), 3.73 (41 ÷ 11) ஆகிய விகிதங்களும் உண்டு. 3.73 கிரவுன் போட்டால் மேற்கண்ட டீசல் ஜீப்பின் உச்ச வேகம் 50-லிருந்து 73 கிலோமீட்டராக உயரும். சமவெளியில் ஓட்டிப் பார்ப்பவர் மகிழ்ந்துபோவார்.

ஆனால் கிரவுனை மாற்றினால் எல்லாக் கியர்களும் சேர்ந்தே மாறும். முதல் கியரின் மொத்த விகிதம் 2.798 × 5.38 = 15.1 ஆக இருந்தது, இப்போது 2.798 × 3.73 = 10.4. அதாவது இழுவிசையில் ஏறத்தாழ 31 விழுக்காடு போய்விட்டது.

இந்த இழப்பு மலைச்சாலையில் எப்படித் தெரியும்? ஆட்களோடும் சுமையோடும் ஜீப்பின் எடை 1,600 கிலோ என்றும், 10-க்கு 1 என்ற ஏற்றம் என்றும் கொள்வோம். மேலே ஏற 160 கிலோ விசையும், சக்கர உருளல் தடையைச் சமாளிக்க ஏறத்தாழ 32 கிலோ விசையும் தேவை. மொத்தம் 192 கிலோ. என்ஜினின் முறுக்கு விசை 14 கிலோ மீட்டர், சக்கர ஆரம் 0.36 மீட்டர், பற்சக்கர உராய்வு போகச் சக்கரத்தை அடைவது 85 விழுக்காடு என்று வைத்துக்கொண்டால்:

பழைய 5.38 கிரவுன், இரண்டாவது கியர்: 14 × 1.551 × 5.38 ÷ 0.36 × 0.85 = 276 கிலோ. தேவையைவிட 84 கிலோ மிகுதி.

புதிய 3.73 கிரவுன், இரண்டாவது கியர்: 14 × 1.551 × 3.73 ÷ 0.36 × 0.85 = 191 கிலோ. தேவைக்கும் சற்றுக் கீழே.

முன்பு இரண்டாவது கியரில் ஏறிய வண்டி இப்போது முதல் கியருக்கு இறங்கியாக வேண்டும். ஏற்றத்தில் நின்று கிளம்பும்போது முதல் கியருக்குக் கீழே இறங்க வேறு கியர் இல்லை. ஓட்டுநர் கிளட்சைப் பாதி மிதித்து உருட்டுவார். கிளட்ச் தட்டு சூடேறி நாற்றம் வரும். சில மாதங்களில் தேய்ந்துபோகும்.

கூட்டத்தில் ஊர்வதற்கும் இதே கணக்குதான். என்ஜின் 700 சுற்றில் மெல்ல ஓடும்போது, பழைய அமைப்பின் முதல் கியரில் வண்டி மணிக்கு 6.3 கிலோமீட்டர் செல்லும். 3.73 கிரவுனில் அதுவே 9.1 கிலோமீட்டர். கிரிவலம் வரும் மனிதர் மணிக்கு நான்கைந்து கிலோமீட்டர் நடப்பார். அவர்களுக்குப் பின்னால் கிளட்சை மிதிக்காமல் இந்த வண்டியால் செல்ல முடியாது.

சரியான தீர்வு, விகிதங்களை நகர்த்துவதைவிட அவற்றின் வீச்சை அகலப்படுத்துவது. எடுத்துக்காட்டாக, முதல் கியர் 3.8, ஐந்தாவது கியர் 0.8 என்ற விகிதமுள்ள ஐந்து கியர் பெட்டியைச் சேர்த்து, கிரவுனை 4.88 ஆக்கினால் கிடைப்பது:

முதல் கியர் மொத்த விகிதம்: 18.5 (பழைய 15.1-ஐவிட வலுவானது)

700 சுற்றில் முதல் கியர் வேகம்: 5.1 கி.மீ.

2,000 சுற்றில் ஐந்தாவது கியர் வேகம்: ஏறத்தாழ 69 கி.மீ.

ஏற்றமும் கூட்டமும் சமவெளியும் ஒரே வண்டியில் அடங்கிவிட்டன. கான்டெஸாவுக்கும் அம்பாசடருக்கும் ஐந்தாவது கியர் வந்ததன் பயனும் இந்த வீச்சுதான்.

இறக்கத்தில் கியரின் பங்கு

ஏற்றத்தில் கியர் பொருந்தாவிட்டால் வண்டி நின்றுவிடும். இறக்கத்தில் பொருந்தாவிட்டால் வண்டி நிற்காது. ஆபத்து அதிகம் இரண்டாவதில்தான்.

இறங்கும்போது கியரில் வைத்துக் காலை எடுத்தால், சக்கரம் என்ஜினைச் சுற்ற வேண்டியதாகிறது. அந்தத் தடை பிரேக்குக்குத் துணையாகிறது. பெட்ரோல் என்ஜினில் காலை எடுத்ததும் காற்று வழி அடைபடுவதால் பிஸ்டன்கள் வெற்றிடத்தை எதிர்த்து இழுக்கின்றன. தடை நன்றாகக் கிடைக்கிறது. பெரும்பாலான டீசல் என்ஜின்களில் காற்று வழி திறந்தே இருப்பதால் இந்தத் தடை குறைவு. லாரிகளிலும் பேருந்துகளிலும் புகைக்குழாயை அடைக்கும் ‘எக்ஸாஸ்ட் பிரேக்’ தனியாக வைக்கப்படுவது இதனால்தான். டீசலுக்கு மாறிய ஜீப்பில் வேகக் கிரவுனும் சேர்ந்தால், ஏற்கெனவே குறைந்த தடை மேலும் 31 விழுக்காடு குறையும். மீதிச் சுமை முழுவதும் பழைய டிரம் பிரேக்குகளின் மேல் விழும். தொடர்ந்து மிதிக்கப்படும் டிரம் சூடேறினால் பிரேக் பிடிமானம் தளரும்.

எதிர்ப்பக்கத் தவறும் உண்டு. கிரவுனை மாற்றாமல் 50 கிலோமீட்டரிலேயே என்ஜின் அலறும் வண்டியில், இறக்கம் வந்ததும் ஓட்டுநருக்கு நியூட்ரலில் உருளவிடும் ஆசை வரும். கவர்னர் டீசல் அளவைத்தான் கட்டுப்படுத்தும். இறக்கத்தில் சக்கரம் என்ஜினை மிகைச் சுற்றுக்குத் தள்ளுவதை அதனால் தடுக்க முடியாது. நியூட்ரலில் விட்டால் என்ஜின் தடை முழுவதும் இல்லாமற்போகும். எனவே ‘ஏறிய கியரில் இறங்கு’ என்ற மலை ஓட்டுநர்களின் விதியைக் கடைப்பிடிக்க இயலாத வண்டி, பொருத்தம் தவறிய வண்டியாகும்.

கவனிக்க வேண்டிய பிற பகுதிகள்

இரண்டு அச்சுகள்: நான்கு சக்கர இயக்கமுள்ள ஜீப்பில் முன் அச்சு, பின் அச்சு இரண்டின் கிரவுன் விகிதமும் ஒன்றாக இருக்க வேண்டும். பின் கிரவுனை மட்டும் மாற்றிவிட்டு முன் சக்கர இயக்கத்தைச் சேர்த்தால், இரண்டு அச்சுகளும் ஒன்றையொன்று இழுத்துப் பற்சக்கரத்தையோ ஜாயின்டையோ உடைக்கும். இத்தகைய ஜீப்புகளின் டிரான்ஸ்ஃபர் கேஸில் உள்ள லோ கியர் (ஏறத்தாழ 2.46) சேற்றுக்கும் காட்டுப் பாதைக்கும் உரியது, அது முன் அச்சையும் சேர்த்தே இயக்குவதால் தார்ச்சாலையில் தொடர்ந்து பயன்படுத்தக் கூடாது.

இணைப்புத் தட்டு: என்ஜினுக்கும் கியர் பாக்ஸுக்கும் துளைகள் ஒத்துவராதபோது லேத் பட்டறையில் இடைத் தட்டு கடைந்து சேர்ப்பர். கிராங்க் தண்டின் மையமும் கியர் பாக்ஸ் தண்டின் மையமும் ஒரே கோட்டில் இருக்க வேண்டும். ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு விலகல்கூட முன் பேரிங்கையும் கிளட்சையும் விரைவில் கெடுக்கும். கண்ணளவு போதாது, டயல் கேஜ் வைத்துப் பார்க்க வேண்டும்.

கிளட்சும் ஃபிளைவீலும்: டீசல் என்ஜின், அதிலும் மூன்று சிலிண்டருக்குக் குறைவானது, விட்டுவிட்டு அடிக்கும் விசையைத் தரும். ஸ்பிரிங் வைத்த கிளட்ச் தட்டும் போதிய எடையுள்ள ஃபிளைவீலும் அந்த அடியைக் கியர் பற்களுக்குச் செல்லாமல் தணிக்கும்.

எடை: கூடுதல் எடையுள்ள என்ஜின் முன் ஸ்பிரிங்கையும் பிரேக்கையும் பாதிக்கும். என்ஜினின் நீளமும் உயரமும் மாறினால் புரொப்பலர் தண்டின் கோணமும் மாறும், அதிர்வு தோன்றும்.

வேகமானி: பழைய ஜீப் போன்ற வண்டிகளில் வேகமானி, கிரவுனுக்கு முன்னுள்ள தண்டிலிருந்து இயங்குகிறது. கிரவுனை 5.38-லிருந்து 3.73-க்கு மாற்றினால், வண்டி உண்மையில் 60 கிலோமீட்டரில் செல்லும்போது முள் 42-ஐத்தான் காட்டும். வேகமானியின் சிறு பற்சக்கரத்தையும் மாற்றும்வரை ஓட்டுநர் தம் வேகத்தை அறியாமலே ஓட்டுகிறார்.

சக்கர அளவு: பெரிய டயரும் ஒரு கியர் மாற்றமே. 6.00–16 டயருக்குப் பதில் 7.00–16 போட்டால் விட்டம் ஏறத்தாழ 7 விழுக்காடு கூடும். அதே அளவுக்கு இழுவிசை குறையும்.

சங்கிலியால் இயங்கும் மோட்டார் சைக்கிளில் இவ்வேலை எளிது. சென்னையின் ராயல் என்ஃபீல்டு நிறுவனம் முன்பு விற்ற ‘டாரஸ்’ டீசல் புல்லட்டில் 325 சி.சி. என்ஜின் ஏறத்தாழ 6.5 குதிரைத்திறனையே தந்தது. இத்தகைய வண்டியில் ஸ்பிராக்கெட்டில் ஒரு பல் கூட்டியோ குறைத்தோ இறுதி விகிதத்தைத் திருத்திவிடலாம். நான்கு சக்கர வண்டியில் இந்த வசதி இல்லை.

சட்ட நிலை

1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு வாகன மாற்றம் பற்றியது. பதிவுச் சான்றிதழில் உள்ள விவரங்கள், தயாரிப்பாளர் முதலில் குறித்தவற்றிலிருந்து வேறுபடும்படி உரிமையாளர் வாகனத்தை மாற்றக் கூடாது என்று அது கூறுகிறது. வேறு எரிபொருளுக்கு மாற்றும் அனுமதிக்கப்பட்ட கருவித் தொகுதிகளுக்கு, விதிகளுக்கு உட்பட்டு விலக்கு உண்டு. தயாரிப்பாளரின் மூல விவரங்களுக்கு மாறாக வாகனத்தை மாற்றியமைக்க இயலாது என்று உச்ச நீதிமன்றமும் 2019 ஜனவரியில் தீர்ப்பளித்தது. எனவே என்ஜினை மாற்ற எண்ணுபவர், வேலையைத் தொடங்கும் முன்பே வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தை அணுகி, மாற்றம் அனுமதிக்கத்தக்கதா என்று அறிய வேண்டும். என்ஜின் எண்ணும் எரிபொருள் வகையும் பதிவுச் சான்றிதழோடு ஒத்துப்போகாத வண்டி விபத்துக்குள்ளானால், காப்பீட்டுத் தொகை பெறுவது சிக்கலாகும். அந்தச் சுமை வண்டியில் பயணம் செய்தவர்களின் குடும்பத்தின் மேலும் விழும்.

வேலையின் வரிசை

என்ஜினை வாங்கிவிட்டுக் கியரைப் பற்றி யோசிப்பது பொதுவான பழக்கம். வரிசை தலைகீழாக இருக்க வேண்டும். முதலில் வண்டி எந்தச் சாலையில், எவ்வளவு சுமையோடு ஓடப்போகிறது என்பதை முடிவு செய்ய வேண்டும். இரண்டாவதாக, அதற்குத் தேவையான மிகக் குறைந்த வேகம், மிக அதிக வேகம், ஏற வேண்டிய ஏற்றம் ஆகிய மூன்றையும் எழுதிக்கொள்ள வேண்டும். மூன்றாவதாக, என்ஜினின் சுற்று வரம்பையும் முறுக்கு விசையையும் கொண்டு, மேலே கண்ட இரண்டு கணக்குகளையும் போட்டுப் பார்க்க வேண்டும். விடை ஒத்துவராவிட்டால் கியர் பாக்ஸை மாற்ற வேண்டும். அல்லது அந்த என்ஜினைக் கைவிட வேண்டும். நான்காவதாகவே பட்டறைக்குச் செல்ல வேண்டும்.

பெருக்கலும் வகுத்தலும் தெரிந்த பள்ளி மாணவரே இந்தக் கணக்கைப் போட்டுவிடலாம். அதைத் தாளில் போடாமல் விட்டால், போளூர் மலைச்சாலையின் ஏதாவது ஒரு வளைவில் அந்த வண்டியே போட்டுக் காட்டும்.